வேலாயிக்கு வாயு தேவை

ஒரு காட்டில், அதாவது விமான நிலையம் கட்டியது போக மிச்சமிருந்த காட்டில், வேலாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். உடம்பெல்லாம் வேல் முளைத்த பெண்ணுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? அவள் புருஷன் பேர் அம்பலம். நல்லவன். எந்த இடத்தில் எந்த வார்த்தையைப் போடுவது என்பது மட்டும் அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

போன கோடையில் பிடித்த காட்டுத்தீயின் புகை வேலாயியின் நெஞ்சில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வளையை விட்டு வாசலுக்கு வருவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆந்தை டாக்டர் ஒரு மெஷின் கொடுத்தார். டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். முதல் வாரம் அவள் முள்ளே குழாயைக் குத்திக் குத்தி ஓட்டை போட்டது. பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன.

வேலாயிக்கு ஒரே ஓர் ஆசை. கடலைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, காலை நனைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் கூட்டிப்போகிறேன் என்றான் அம்பலம். பிள்ளைகள் பிறக்கட்டும் என்றான், வளரட்டும் என்றான். இப்போது பிள்ளைகளெல்லாம் கடலைப் பார்த்துவிட்டு வந்து செல்போனில் போட்டோ காட்டுகிறார்கள்.

"இந்த நெஞ்சு இன்னும் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்னு தெரியலீங்க. இந்த லீவுக்குப் போகலேன்னா அப்புறம் நானும் போட்டோவுலதான் பாக்கணும்" என்றாள் வேலாயி. அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும்.

பஸ்ஸில் போனால் பாதி வழியில் மெஷினின் பேட்டரி தீர்ந்துவிடும். நாரை விமானத்தில் போனால் காலையில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரை. அம்பலம் சட்டென்று டிக்கெட் போட்டுவிட்டான். மெஷினைக் கொண்டுபோக முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்பது டிக்கெட்டின் பின்பக்கத்தில், எறும்புக்கு மட்டும் தெரியும் எழுத்தில் இருந்தது.

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டான். எடுத்தது கிளி.

"சொல்லுங்க சார், என்ன உதவி வேணும்?"

"எங்க வீட்டுக்காரிக்கு கேஸ் வேணுங்க. அவசரம்."

"உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்றது கிளி. மறுநாள் வளை வாசலில் சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று வந்து இறங்கியது.

இனி போனை நம்பிப் பயனில்லை என்று இருவரும் நேரிலேயே போனார்கள். அதிகாரி ஒரு பச்சோந்தி. பச்சை ஃபைலின் மேல் உட்கார்ந்து பச்சையாக இருந்தார். டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால் உடனே முடித்துத் தருவதாகச் சொன்னார்.

ஆந்தை டாக்டர் வைத்தியத்தில் கெட்டிக்காரர். ஆனால் தனித்தமிழ்ப் பிடிவாதக்காரர். செத்தாலும் அவர் பேனாவிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல் விழாது. "இவருக்குப் பயணம் முழுதும் உயிர்வளி தேவை" என்று அழகாக எழுதி முத்திரை குத்தினார். பச்சோந்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிவந்தார்.

"உயிர்வலின்னு போட்டிருக்கு? உயிர் போற வலியோட வர்றவங்கள நாங்க ஏத்த மாட்டோம். நடுவானத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"சார், அது வலி இல்ல, வளி."

"அதத்தான் நானும் சொல்றேன், வலி."

டாக்டரிடம் திரும்ப ஓடினார்கள். "ஆக்சிஜன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டுக் குடுங்க டாக்டர்" என்று வேலாயி கும்பிட்டாள். டாக்டரின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இருந்தாலும் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் மனம் இளகியது. பச்சோந்திக்கும் புரிகிற மாதிரி எளிய சொல்லாகப் போடுகிறேன் என்று புதிதாக ஒன்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

பயண நாள் வந்தது. கவுண்டரில் பச்சோந்தி உறையைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

"இப்பயணிக்கு வழியெல்லாம் வாயு போய்க்கொண்டே இருக்க வேண்டும். இடையில் நின்றால் ஆபத்து. அருகில் அமர்வோர் பொறுத்துக்கொள்ளவும்."

வரிசையில் பின்னால் நின்ற காட்டெருமை ஓரடி பின்வாங்கியது. பச்சோந்தி மஞ்சளானார். அம்பலத்தை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அடிக்கடி போகுமா?"

"நிக்கவே கூடாதுங்க சார். தூங்கும்போதுகூடப் போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றான் அம்பலம் உற்சாகமாக. அன்றைக்குத்தான் அவன் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கிறார்.

"சத்தம் வருமா?"

"புஸ்ஸு புஸ்ஸுனு லேசா வரும். எனக்குப் பழகிடுச்சு."

"வாசனை?"

"அதெல்லாம் சுத்தமா ஒண்ணும் இல்லீங்க. வேணும்னா இப்பவே மோந்து பாருங்க."

"வேண்டாம், வேண்டாம்!" பச்சோந்தி இரண்டடி நகர்ந்தார். "அந்தப் பெட்டி எதுக்கு?"

"சுத்தியிருக்கிற காத்தை உறிஞ்சிச் சுத்தம் பண்ணுங்க."

வேலாயிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முள்ளெல்லாம் கூச்சத்தில் குத்திட்டு நின்றது. இத்தனை பேர் நடுவில், காட்டெருமை வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, இப்படி ஒரு பேரா? வாயைத் திறந்தாள். 'அய்யோ, அது இல்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் காப்பாற்றப்படும். அப்புறம் அதிகாரி வேறு கடிதம் கேட்பார், டாக்டர் வேறு சொல் தேடுவார், விமானம் போய்விடும். மானத்தை ஊருக்குத் திரும்பி வந்துகூடத் தேடிக்கொள்ளலாம். கடலை அப்படித் தேட முடியாது.

"காலையில மொச்சக்கொட்டைக் குழம்பு வேற சாப்பிட்டுட்டேங்க" என்றாள் வேலாயி.

பச்சோந்தி எழுந்தே நின்றுவிட்டார். "அந்த மெஷின எந்தக் காரணத்துக்காகவும் ஆஃப் பண்ணக் கூடாது! ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி. பேட்டரி தீர்ந்தா எங்க லைன்ல சொருகிக்குங்க. இது என் உத்தரவு." அனுமதிச் சீட்டில் படீர் படீரென்று முத்திரைகள் விழுந்தன.

பாதுகாப்புச் சோதனையில் நின்ற கீரி, அம்பலத்தின் நகவெட்டியைக் கூரான பொருள் என்று பிடுங்கிக்கொண்டு, அவனை அத்தனை முள்ளோடும் உள்ளே அனுப்பியது.

விமானத்தில் அவர்களுக்கு முதல் வரிசை. பக்கத்து இருக்கைகள், பின் இருக்கைகள் எல்லாம் காலி. கொக்குப் பணிப்பெண்கள் கழுத்தை எட்டிய மட்டும் நீட்டி, தூரத்திலிருந்தே ஜூஸ் கொடுத்தார்கள். மெஷினின் விளக்கு பச்சையாக எரிகிறதா என்று தலைமை விமானியான பெரிய நாரையே இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனது. வேலாயி காலை நீட்டி உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். புஸ், புஸ் என்றது பெட்டி. ஒவ்வொரு புஸ்ஸுக்கும், காலி இருக்கைகளைத் தாண்டிக் கடைசி வரிசையில் இருந்த காட்டெருமை கண்ணை இறுக மூடிக்கொண்டது.

மத்தியானம் கடல் வந்தது. போட்டோவில் பார்த்ததைப் போல அது சும்மா இருக்கவில்லை. வேலாயி மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஈர மணலில் மெல்ல நடந்து, வரும் அலைக்குக் காலைக் கொடுத்தாள். எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் வேலாயி, அந்தக் கொக்குப் பொண்ணுங்க எல்லாம் ஏன் மூக்கப் பொத்திக்கிட்டே வந்தாங்க?" என்றான் அம்பலம்.

வேலாயி விளக்கிச் சொன்னாள். அவன் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது.

"அடிப்பாவி! என் மானமே போச்சே!"

"பேரு கெட்டது எனக்கு. உங்க மானம் எப்படிங்க போகும்?"

அம்பலம் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் பட்டது. அவனும் வந்து பக்கத்தில் காலை நனைத்தான். உப்புக் காற்று இரண்டு பேர் முள்ளுக்குள்ளும் புகுந்து வீசியது.

"இங்க பாருங்களேன்" என்றாள் வேலாயி. "இவ்வளவு காத்தையும் ஒரு லெட்டரும் கேக்காம சும்மா விட்டு வெச்சிருக்காங்க."

"அதெல்லாம் சரி. திரும்பிப் போறப்ப என்னடி பண்றது? டாக்டர்கிட்ட சொல்லி நல்ல வார்த்தையா ஒண்ணு போட்டு வாங்கிடுவோமா?"

"அய்யோ, கெடுத்துடாதீங்க! அந்த லெட்டரையே பத்திரமா லேமினேட் பண்ணி வைங்க."

நீதி: மூச்சு வாங்குகிறவருக்கு ஓர் இருக்கைகூடக் கிடைக்காது, வாயு விடுகிறவருக்கு வரிசையே காலியாகும்.