ரெண்டு விரல் வண்டி

"நாலு வெரலு பூரா உள்ள போவுது வனஜா. இது காரா, மாட்டு வண்டியா?"

என் அண்ணன் கோவிந்தராஜ் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கை, கார் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்தது. அரை மணி நேரமாக அங்கேதான் இருந்தது. சோறு போட்டாச்சு என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன்.

"இது ரெண்டு வெரலு ஆவற வரைக்கும் இந்த ஊட்ல சோறு துன்ன மாட்டேன்."

பத்தாவது நிமிஷம் தின்றார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். சுற்றி வளைத்து எழுத வராது. விஷயம் இதுதான். போன வருஷம், எண்பத்தேழில், சோழவரம் ரேஸில் ஓடிக் களைத்த ஒரு சிவப்பு ஹெரால்ட் காரை அண்ணன் வாங்கி வந்தார். ரெண்டே கதவு. கள்ளிக்குப்பத்துக்கு அது ஒன்றுதான் ஸ்போர்ட்ஸ் கார். அதில்தான் தினமும் அண்ணனும் அண்ணியும் பாடிக்கு வேலைக்குப் போவார்கள். அண்ணன் லேத் ஓட்டுகிறார். அண்ணி சுசீலா, ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். அந்த செக்ஷனில் அண்ணி ஒருத்திதான் பொம்பளை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். அண்ணனைக் கல்யாணமான வாரமே அமுக்கிப் பார்த்துவிட்டார்.

அண்ணிக்கு அப்போது ஐந்து மாசம். பஸ் வேண்டாம், குலுங்காமல் காரில் போம்மா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு ரேஸ்காரன் டீக்கடையில் அண்ணன் காதில் ஊதிவிட்டான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தரையோடு தரையாகப் பம்மணும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ரெண்டு விரல்தான் நுழையணும்.

"முன்ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டணும். பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பட்டைய உருவணும். வண்டி அப்டியே ஒக்காந்துக்கும்" என்றார் அண்ணன், குழம்பைப் பிசைந்துகொண்டே.

"சுத்து கொறஞ்சா ஸ்பிரிங் கெட்டியாவும்யா" என்றார் அண்ணி. "நம்ம ரோட்ல பாடி போய்ச் சேர்றதுக்குள்ள பல்லு பூரா மடில கெடக்கும்."

"ரேஸ் வண்டின்னா குதிக்கத்தான் செய்யும்."

"நீ குதி. வயித்துல ஒண்ணு கீதே, அதுவுமா குதிக்கணும்?"

அண்ணன் யோசித்தார். அவர் யோசித்து நல்லது எதுவும் நடந்ததில்லை.

"அப்ப வேலைய வுட்டுடேன். எத்தினி நாளைக்கு ஸ்பிரிங்கையே அமுக்கிகினு கெடப்ப?"

அண்ணி அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அந்தக் கரண்டியைப் பார்த்ததும் எனக்கு அண்ணன்மேல் பாவமாகிவிட்டது.

"சரிய்யா" என்றார் அண்ணி. "ஞாயித்துக்கெழம உனக்கு ஓவர்டைம். வண்டிய வேம்புலி ஒர்க்‌ஷாப்ல வுடு. நானே பக்கத்துல நின்னு செஞ்சி வாங்கியாறேன். ரெண்டு வெரலுதானே?"

"ரெண்டே வெரலு."

"மூணாவது வெரலு நொழஞ்சா என்னைக் கேளு."

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்பிரிங் தெரிந்த பெண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார். அதில் மட்டும் அவர் சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். மெக்கானிக் வேம்புலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அத்த உள்ள வையி" என்றார் அண்ணி.

"மச்சான் வெட்டச் சொன்னாரே தங்கச்சி."

"மச்சானுக்கு இன்னா வேணும்? டயருக்கும் மட்கார்டுக்கும் ரெண்டு வெரலு. அதுக்கு எதுக்கு வண்டிய எறக்கணும்? டயர ஏத்து."

பழைய மொட்டை டயர் நாலும் கழன்றது. ஒரு சைஸ் பெரிய புது டயர் ஏறியது. ஒரு விரல் அதில் போச்சு. மட்கார்டு விளிம்பில் உள்பக்கமாகக் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டினோம். நான்தான் ஒட்டினேன். இன்னொரு விரல் அதில் போச்சு. நாலில் ரெண்டு போனால் ரெண்டு. கணக்கில் கோட்டை விட்ட எனக்கே புரிந்தது.

வேம்புலி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தங்கச்சி, வண்டி முன்னவிட ஒசந்துல்ல கீது."

"அத்த அவரு கேக்கலியே."

"வெட்டின துண்டு எங்கன்னு கேட்டா?"

அண்ணி அவரையே பார்த்தார். வேம்புலி போய், இரும்புக் குவியலில் ஏதோ வேனின் உடைந்த ஸ்பிரிங்கிலிருந்து ரெண்டு வளையத்தைப் பொறுக்கி வந்தார்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு விரலை நுழைத்தார். ஒன்று. ரெண்டு. மூன்றாவது நுழையவில்லை. கண் கலங்கிவிட்டது.

"புது டயரு வேற போட்டியா சுசீ?"

"இந்த வேலைக்கு அது வேணும்யா" என்றார் அண்ணி. பொய்யில்லை.

அண்ணி நீட்டிய வளையம் ரெண்டும் டிவி மேல் ஏறிவிட்டன. அண்ணன் அதுக்குப் பொட்டும் வைத்தார்.

அதற்கப்புறம் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. "தாழ்த்தினப்பறம் ரோட்ட அப்டியே கவ்விகினு போவுது" என்பார். ஏரிக்கரை மேட்டில் முன்பெல்லாம் அடி உரசும். இப்போது உரசவில்லை. "அதான் தாழ்த்தறதுல கீற சூட்சுமம்" என்றார். பள்ளத்தில் இறங்கினால் குலுக்கலே இல்லை. "வண்டி தாழ்ந்தா பள்ளத்துக்கும் வண்டிக்கும் தூரம் கொறஞ்சிடுதுல்ல?" இதை ஷிப்ட் முடிந்ததும் பத்துப் பேரை நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார். அதில் ரெண்டு பேர் வேம்புலியிடம் வந்து, கோவிந்தராஜ் வண்டி மாதிரியே தாழ்த்திக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். வேம்புலியும் தாழ்த்திக் கொடுத்தார். ரப்பர் பட்டை ஒட்டப் போனது நான்.

ஏழாம் மாசமும் அண்ணி டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டே போவார்.

ஒரு நாள் அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"லட்சுமணன் இன்னா சொல்றான் தெரியுமா? இன்னா மாமே, வண்டி முன்னவிட ஒசந்த மாதிரி கீதேன்றான். லேத்ல என் பக்கத்து மெஷின்தான். கண்ணு அவிஞ்சிபோச்சி அவனுக்கு."

"நீ இன்னா சொன்ன?"

"வெரல வுடச் சொன்னேன். எத்தினி போவுதுன்னேன். ரெண்டுன்னான். அப்பறம் ஏண்டா பேசறன்னேன். பொத்திகினான்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து போய், தன் வேலைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"எதுக்குய்யா சண்டை? தரையிலர்ந்து அளந்து பாரு."

அண்ணன் ஸ்கேலை வாங்கினார். அதாலேயே முதுகைச் சொறிந்துகொண்டார். அளக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.