பால்மர் கிடங்கில் கிடைத்த பெயரில்லாத வண்டி

எல்க் முனை, மின்னசோட்டா
3 மே 1976

‘பழஞ்சக்கரம்’ மாத இதழின் மாண்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு,

எல்க் முனையிலிருந்து ஆர்விட் ஹாக்ஸ்டாட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ரக்னாவும் சுகம். ஏரியில் பனிக்கட்டி முழுக்க உருகிவிட்டது. கலிஃபோர்னியாவில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

என்னைத் தங்களுக்கு நினைவிருக்கலாம். தங்கள் ‘இது என்ன வண்டி?’ பகுதிக்குப் பதினொரு முறை விடை எழுதி, பதினொரு முறையும் சரியாகச் சொன்னவன். முப்பத்தொரு வருடம் இந்தப் பகுதியில் தபால் பட்டுவாடா செய்தேன். எந்த வீட்டு வண்டி வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒரு தடவை கண்ணால் பார்த்த காரை நான் மறந்ததே கிடையாது. தற்பெருமை எங்கள் ஊரில் பெரிய குற்றம், ஆனாலும் விஷயம் புரிவதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். என் நண்பர் பால்மர் பழைய வண்டிக் கிடங்கு வைத்திருக்கிறார். மே மாதம் முடிவதற்குள் கிடங்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பழம்பெரும் வண்டி என்றால் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு படிவம் உண்டு, அதில் தயாரித்தவர் பெயரும் வருடமும் எழுத வேண்டும். எழுத முடியாததெல்லாம் நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும். போன வாரம் வேலியோரத்துப் புதரை வெட்டியபோது உள்ளே ஒரு கார் நின்றது. பால்மர் எனக்கு ஃபோன் போட்டு, “யோவ் ஆர்விட், உனக்கே தெரியாத வண்டி ஒண்ணு எங்கிட்ட இருக்குய்யா” என்றார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

ஐயா, அதை எப்படி விவரிப்பேன்! மூக்கும் முகமும் ஃபோர்டு மாடல் ஏ, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கதவுகள் ஹட்சன் காருடையவை, பின் அச்சு ஏதோ லாரியிலிருந்து வந்தது, முன்பாதிக் கூரை சாதாரணமாக இருக்க, பின்பாதிக் கூரை திடீரென்று ஒன்றரை அடி எழும்பி நிற்கிறது, அதுவும் தானியக் களஞ்சியத்துக்குப் போடுகிற தகரத்தில். அந்த மேட்டின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, அதற்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி, மூடிக்குக் கீல் வேறு. உள்ளே தேவாலய பெஞ்ச் ஒன்றைப் பாதியாக அறுத்துப் பக்கவாட்டில் போட்டிருக்கிறார்கள், அதன் காலடியில் ஒரு குட்டி இரும்பு அடுப்பு, அடுப்பிலிருந்து ஒரு புகைக்குழாய், கூரை முழுக்கக் கொக்கிகள், ஓட்டுநருக்கு முன்னால் ஒன்றல்ல இரண்டல்ல, மூன்று கண்ணாடிகள், மூன்றும் சாலையைக் காட்டாமல் உட்கார்ந்திருப்பவர் மூஞ்சியைக் காட்டுகின்றன! கதவில் துருவைச் சுரண்டினால் ‘புது முட்டை’ என்று எழுத்து தெரிகிறது. நான் அதைச் சுற்றி நாலு தடவை நடந்தேன், அடியில் படுத்துப் பார்த்தேன், கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன்.

மறுநாள் காபிக் கடையில் எங்கள் மேஜைக்காரர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். ஆல்வின் என்று ஒருவர், மளிகைக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர், அவருக்கு எதிலும் துப்பாக்கி இருக்க வேண்டும்.

“சாராயம் கடத்துன வண்டிடா அது. ஓட்டையில தலைய விட்டு போலீஸைச் சுட்டிருப்பானுங்க.”

“மூணு கண்ணாடி எதுக்குடா? சுடறதுக்கு முன்னாடி தலை சீவிக்கவா?” என்றார் பால்மர். அவருடைய கட்சி, அது நடமாடும் கோழிக்குஞ்சுப் பண்ணை. அடுப்பு முட்டையைச் சூடாக வைக்க.

எங்கள் போதகர் மட்டும் அமைதியாக, “உறைஞ்ச ஏரி மேல ஓட்டிட்டுப் போய் மீன் பிடிக்கற வண்டிங்க அது. அடுப்பு இருக்கு, பெஞ்ச் இருக்கு, கொக்கியில மீனை மாட்டலாம், ஓட்டையும் இருக்கு” என்றார். மேஜையில் எல்லாரும் தலையாட்டிவிட்டோம். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்காதவன் எங்கள் ஊரில் ஆண்பிள்ளையே இல்லை, அதனால் எங்களுக்கு ஓட்டை என்றால் மீன்தான். காபி பரிமாறுகிற அம்மாள்தான் கேட்டாள், “ஓட்டை கூரையில இல்ல இருக்கு? மீனு வானத்துல இருந்தா வரும்?” என்று. போதகர் அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

என் மனைவியையும் கேட்டேன். காரணத்தோடுதான் கேட்டேன். ரக்னா இப்போது எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாள், ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் தன் தங்கைகளோடு வண்டியில் முட்டை விற்றவள். நாங்கள் சந்தித்ததே முட்டையால்தான். 1938 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், முட்டைக்காரப் பெண்கள் மூவரின் வண்டி பள்ளத்துப் பனியில் ஜன்னல் வரைக்கும் புதைந்து கிடந்தது. நான் ஒருவனாகத் தள்ளி வெளியே எடுத்தேன், முகம் குப்புற விழுந்தேன், நன்றிக்கு ஒரு டஜன் முட்டை கொடுத்தாள். ஒன்றுகூட உடையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் அம்மா, இருபது கோழி வளர்த்தவள், ஒன்றை வேகவைத்துத் தின்றுவிட்டு, “இதுடா முட்டை! நம்ம கோழிங்களும் இருக்குதே! இந்தப் பொண்ணையே கட்டிக்கோ” என்றாள். ஆறு மாதத்தில் கட்டிக்கொண்டேன். இந்தக் கதையை நான் எங்கள் ஊரின் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லியிருக்கிறேன், இரண்டு சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே போட்டோக்களை அவள் முன்னால் பரப்பி, “உனக்கு ஏதாவது தெரியுதா?” என்றேன். “எனக்கென்ன தெரியும்” என்று காபி வைக்கப் போனாள். அன்றைக்குக் காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. முப்பத்தாறு வருடத்தில் எங்கள் வீட்டில் நடக்காத காரியம். மறுநாள் இன்னொரு முறை, “முட்டை வண்டின்னா கூரையில ஓட்டை வேணுமா?” என்றேன். “முட்டைக்கு வேணாம்” என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு வார்த்தை. ஒருவேளை தாங்களோ தங்கள் நிருபரோ நேரில் வந்தால் எங்கள் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். காபி வேண்டுமா என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள், காபிக்கு அலைகிறவர் என்று நினைத்துவிடுவார்கள். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, “வேணாம்” என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்பது சம்பிரதாயத்துக்கு, “சிரமம் எதுக்கு” என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான் உண்மையாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம், அப்போது “சரி, அரை கோப்பை” என்று வாங்கிக்கொள்ளலாம். தட்டில் கடைசித் துண்டு கேக்குக்கும் இதே சட்டம்தான். இது தெரியாமல் தெற்கேயிருந்து வந்த ஒரு விற்பனையாளர் ஒரு வாரம் காபியே கிடைக்காமல் திரும்பிப் போனார்.

ஆசிரியரே, எனக்கு இரவும் பகலும் இதே நினைப்பு. நசுக்கும் இயந்திரம் மாதக் கடைசியில் வருகிறது. யாரோ ஒரு கெட்டிக்காரன் யோசித்து யோசித்துச் செய்த வண்டி அது. ஒவ்வொரு ஆணியும் அளந்து அடித்திருக்கிறான். அவன் பெயர் தெரியவில்லை என்பதற்காக அது தகரமாகப் போனால், பதினொரு முறை சரியாகச் சொன்ன எனக்கு அதைவிட அவமானம் கிடையாது. ஏழு போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். தாங்களாவது, தங்கள் வாசகர்களில் ஒருவராவது, இது என்ன வண்டி, எவன் செய்தது, எதற்குச் செய்தான் என்று தந்தியிலாவது தெரிவிக்க வேண்டும்.

தங்கள் இதழும் தங்கள் வண்டிகளும் துருப்பிடிக்காமல் நீடூழி ஓட வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். ரக்னாவும் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஆர்விட் ஹாக்ஸ்டாட்

பின்குறிப்பு: மூன்று நாள் கழித்து இதை எழுதுகிறேன். தந்தி வேண்டாம். போட்டோவை அச்சிட வேண்டாம். மேலே எழுதியதில் வணக்கம், பனி உருகியது, காபி வழக்கம் தவிர மற்றதை நம்ப வேண்டாம்.

நடந்தது என்னவென்றால், என் கடிதங்களை எழுத்துப்பிழைக்காக ரக்னாதான் படித்துத் தருவாள். படித்துக்கொண்டே வந்தவள் காபிப் பகுதியில் நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“கலிஃபோர்னியாக்காரனுக்கு மூணு தடவ கேக்கணும்னு பாடம் எடுக்கறியே, என்னை எத்தனை தடவ கேட்ட?”

விரல் விட்டு எண்ணினேன். இரண்டு. “ரக்னா, அது என்ன வண்டி?” என்றேன்.

“என் வண்டி” என்றாள்.

ஆசிரியரே, அந்தக் கெட்டிக்காரன் என் மனைவி. அவள் அப்பாவுக்கு நடனம் என்றால் நரகம். மூன்று பெண்களும் அவருக்குத் தெரியாமல் வாத்தியக் குழு வைத்து, அடுத்த மாவட்டத்து நடனக் கூடங்களில் சனிக்கிழமைதோறும் வாசித்திருக்கிறார்கள். ஒரு தங்கை அக்கார்டியன், இன்னொரு தங்கை பிடில், என் ரக்னா டியூபா! ஆள் உயரப் பித்தளைக் குழல், அதன் வாய் காருக்குள் அடங்காது, அதனால் ஓட்டை. கொக்கி மற்ற வாத்தியங்களுக்கு, அடுப்பு விரல் விறைக்காமலிருக்க, மூன்று கண்ணாடி மூவரும் ஒரே நேரத்தில் உதட்டுச் சாயம் பூச, வீட்டுக்குப் போகும் வழியில் அழிக்க. கதவில் ‘புது முட்டை’ என்று எழுதியது அப்பாவுக்காக.

“அப்ப நான் பள்ளத்துல இருந்து தள்ளின வண்டி?”

“அதேதான். ஒரு தடவ பாத்த காரை மறக்க மாட்டேன்னு எழுதியிருக்கியே, அன்னைக்கு எதைப் பாத்துக்கிட்டிருந்த?”

உண்மையைச் சொன்னேன். இந்த வயதில் அவளுக்கு முகம் சிவந்தது, எனக்கும்தான்.

“இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?” என்றேன்.

“நீ அந்த முட்டைக் கதையை அவ்வளவு சந்தோஷமா சொல்லுவ. நடுவுல எப்படிச் சொல்றது? நீயா கேப்பன்னு இருந்தேன்.”

மறுநாள் பால்மர் படிவத்தை நீட்ட, தயாரித்தவர் என்ற இடத்தில் ரக்னா தன் பெயரையும், வருடம் என்ற இடத்தில் 1938-ஐயும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாவட்ட அலுவலகத்துக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தயாரிச்சவங்களே உயிரோட வந்து நிக்கறாங்க, இதுக்கு மேல என்னய்யா ஆதாரம் வேணும்?” என்றார் பால்மர். முத்திரை விழுந்துவிட்டது. டியூபா ஒரு தங்கை வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறதாம். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் மூவரும் வாசிக்கிறார்கள், நான்தான் ஓட்டுகிறேன். போதகர்கூட டியூபாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. “அப்ப அந்த ஒரு டஜன் முட்டை?” என்றேன். விற்றது போக மீதி என்று அப்பாவிடம் காட்டுவதற்காகச் சனிக்கிழமைதோறும் வழியில் கடையில் வாங்குவார்களாம்.

“எந்தக் கடை?”

“ஆல்வின் கடைதான்.”

ஆசிரியரே, ஆல்வின் கடைக்கு அந்தக் காலத்தில் முட்டை போட்டது ஒரே ஒருத்தி. என் அம்மா.