கடல் தாண்டிய பாட்டன்மார்

பூர்வீகம் தேடிகள் என்றொரு இனம் உண்டு. மற்ற ஊர்களில் இவர்கள் சோழனோடும் பாண்டியனோடும் நின்றுகொள்வார்கள். புதுச்சேரியில் பிறந்துவிட்டாலோ, கப்பலேறாமல் விடமாட்டார்கள். நீங்கள் பார்த்ததில்லையா? எழுபதுகளின் கடைசியில் ஒரு மாலை கடற்கரைச் சாலைக்கு வந்திருந்தால் சுப்பிரமணியன் வான்தெர்பெக்கிடம் வசமாக மாட்டியிருப்பீர்கள்.

நெற்றியில் விபூதி, தலையில் தொப்பி, வாயில் "போன்ழூர்" என்று பிரெஞ்சு வணக்கம். நீங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தாலும், தொலைந்த பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாலும், வயிறு கலக்கி வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, நானூறு வருஷத்துக்கு முன் பெல்ஜியம் பக்கத்துப் பிளாண்டர்ஸ் சீமையில் நாருக்காக ஆளிச்செடி விதைத்து, பசு கறந்து, பன்றி மேய்த்த வான்தெர்பெக் குடும்பத்தில் யார் யாரைக் கட்டினார், யார் நிலத்தை யார் உழுதார் என்பதையெல்லாம் கேட்டு முடித்துத்தான் நகர முடியும். அந்த ஊர் மாதா கோயில்களுக்கெல்லாம் எழுதிப்போட்டு வாங்கிய விவரம்.

"எல்லாம் நம்ம பாட்டன்மாருங்க" என்பார். கண் கலங்கும். நடிப்பில்லை. அந்தப் பன்றிகள் மீதுகூட அவருக்குப் பாசம்.

இதில் மகள் சந்திரகலாவின் கல்யாணம் சிக்கிக்கொண்டது. அவள் மனசுக்குப் பிடித்த வடிவேலுக்கு மின்சார ஆபீசில் வேலை. அவன் அப்பா காத்தவராயன் தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவர்.

"மாடு கட்டி உழுறவங்க. நமக்குச் சரிப்படாது ஜெயம்" என்றார் மனைவியிடம்.

"ஏங்க, கடலுக்கு அந்தாண்ட பன்னி மேய்ச்சவன் பாட்டன், தவளக்குப்பத்துல மாடு மேய்க்கறவரு ஆவாதா? பொண்ணு சோறு தண்ணி இல்லாம கெடக்குது."

"அது ஐரோப்பா ரத்தம்டி!"

"ரத்தமா? வெண்ண டின்னுங்க அது!"

ஜெயம் அவருக்கு அத்தை மகள். கொள்ளுத்தாத்தா இருவருக்கும் ஒருவரே. பிரெஞ்சுக்காரர் காலத்தில், கல்யாணம், சொத்து விஷயங்களில் சொந்தச் சட்டத்தை விட்டு அவர்கள் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரும் சொல்லியாக வேண்டும். துரை வீட்டுச் சமையல்காரரான கொள்ளுத்தாத்தாவுக்கு அதிகாரி முன்னால் ஒன்றும் தோன்றவில்லை. அடுப்படியில் தினமும் பார்த்த வெண்ணெய் டின்னின் மேலிருந்த பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். குடும்பத்துக்கே தெரிந்த கதை. வான்தெர்பெக் மட்டும் அதை வசதியாக மறந்திருந்தார்.

அன்று மாலை அவர் கடற்கரைக்கு வரவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம், ஜெயம் சொல்லியனுப்பி, காத்தவராயன் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். கதவுக்குப் பின்னால் சந்திரகலா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வான்தெர்பெக், வந்தவரின் முகத்தையே இப்படியும் அப்படியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பூர்வீகம் எந்தூருங்க?"

"இதே ஊருதாங்க. நாங்க எங்கயும் போனதில்லியே."

"இருக்காது. இது பிளாண்டர்ஸ் மோவாக்கட்டை. அங்க உங்க வீட்டுல நாங்க பொண்ணு எடுத்திருக்கணும். பாருங்க, மாமன் மச்சான் முறையாவே வருது!"

காத்தவராயன் மோவாயைத் தடவிக்கொண்டே ஜெயத்தைப் பார்த்தார். ஜெயம் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஆவட்டும் சம்பந்தி" என்றார் அவர். "முறை சரியா இருந்தா போதும்."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன முகூர்த்தத்தில் உங்கள் முப்பாட்டனார் எந்த ராஜாவின் சபையில் இருந்தார் என்று பக்கத்து இலைக்காரரிடம் விளக்கினீர்களே, அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது மோர் வராததால் அல்ல.