தங்கள் மடை சரிசெய்யப்பட்டது

பெரிய நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில்தான் பிறந்திருக்கின்றன. தாமிரபரணிக் கரையில் பிறந்தவற்றுள் தலையாயது, பாளையங்கோட்டையில் இரண்டாம் மாடியில் இயங்கும் எங்கள் ‘பாசனக் குறைதீர் மின்செய்தி மையம்’ என்று துணிந்து சொல்வேன். அந்தக் காலத்தில் கொற்கையில் ஒரு முத்து எடுக்க மூச்சடக்கி மூழ்க வேண்டியிருந்தது. எங்கள் மையத்தில் ஒரு குறையைத் தீர்க்க ஒரு விரல் போதும். அந்த விரல் என்னுடையது.

நடைமுறை எளிது. விவசாயி மனு போடுவார். என் கணினித் திரையில் ‘தீர்வு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் தெரியும். அழுத்துவேன். உடனே மனுவில் உள்ள கைப்பேசி எண்ணுக்கு, “அன்புடையீர், தங்கள் மடை சரிசெய்யப்பட்டது. தங்கள் மகிழ்ச்சியில் பங்குகொள்கிறோம்” என்று செய்தி போகும். அதோடு கைகழுவி விடுகிறவர்கள் அல்லர் நாங்கள். “எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?” என்று அதே செய்தியோடு சேர்த்து மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஐந்து கொடுத்தால் செய்தி நின்றுவிடும். குறைத்துக் கொடுத்தால் அது புதிய குறையாகப் பதிவாகும், அதையும் தீர்த்துவிடுவேன். ‘தீரவில்லை’ என்று ஒரு பொத்தான் முதலில் இருந்தது. ஊழியர்களின் மனம் தளரும் என்று எங்கள் அலுவலர் குமரகுருபரன் அவர்கள் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

இத்தகைய சேவையைத் ‘தொல்லை’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். சீவலப்பேரி தேவேந்திரன். வயலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும்; முழங்கால் வரை தூசி.

“சார், எனக்கு வாற மெசேஜ நிப்பாட்டணும்.”

“என்ன மெசேஜ் அண்ணாச்சி?”

“மடை சரியாயிட்டுன்னு வருது.”

“நல்ல செய்திதானே?”

“நல்ல செய்திதான். மடைக்கு அது தெரியலயே!”

அவருடைய வயலுக்குத் தண்ணீர் விடும் மடையின் இரும்பு ஷட்டர் துருவேறி இறுகிவிட்டதாம். கால்வாயில் தண்ணீர் போகிறதாம், மடையில் நுழையவில்லையாம். பிசானப் பருவ நெல் நடவு முடிந்து இருபது நாள் ஆகிறது, வயல் வெடித்துவிட்டது என்றார். பதினோரு மனு போட்டிருந்தார். பதினொன்றையும் நான் அன்றன்றே தீர்த்திருந்தேன்.

“மொத நாலு தரம் மெசேஜ நம்பி மடைக்கு ஓடுனேன் சார். அஞ்சாந் தரம் எம் பொண்டாட்டி கோமு சொல்லுதா, அந்தப் போனக் கொண்டுபோயி மடைகிட்ட காட்டுங்க, அது வாசிச்சிப் பாக்கட்டும்னு.”

“அஞ்சு நட்சத்திரம் குடுத்திருங்க. நின்னுரும்.”

“வராத தண்ணிக்கு நட்சத்திரமா? நாளைக்கு அந்தப் பயிரு மூஞ்சில நான் முழிக்கணும்லா?”

செய்தியை நிறுத்துவதற்கும் மனுதான் வழி என்று விளக்கினேன். எழுதிக் கொடுத்தார். பொத்தானை அழுத்தினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் சட்டைப் பையில் மணி அடித்தது: “தங்களுக்குச் செய்தி வரும் குறை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அடுத்த மேசையில் மனுக்களைப் பதிவு செய்யும் சாலோமி அம்மாள் தலை நிமிர்ந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். விதிகளை முழுவதும் படிக்கும் கெட்ட பழக்கம் ஒன்றைத் தவிர அவரிடம் குறையே சொல்ல முடியாது.

“அண்ணாச்சி, இங்கன வாங்க. மனுவில ‘கைப்பேசி எண்’னு ஒரு கட்டம் இருக்கு பாத்தியளா? ஒரு எண் போடணும்னுதான் விதி. யாரு எண்ணுன்னு எங்கயும் சொல்லல.”

தேவேந்திரன் அதைப் பைய யோசித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ‘அலுவலரைப் பொதுமக்கள் எந்நேரமும் அழைக்கலாம்’ என்று பத்து இலக்கங்களோடு ஒரு பலகை அங்கே தொங்கிற்று. அதைப் பார்த்து மடைக்குப் புதிய மனு எழுதினார். நான் அழுத்தினேன்.

அலுவலர் அறையில் மணி அடித்தது.

“என்னவே இது?” கையில் போனோடு வெளியே வந்தார் குமரகுருபரன். “என் மடை சரியாயிட்டுங்கு! எனக்கு ஏதுவே மடை?”

“வாழ்த்துகள் சார்,” என்றேன்.

இரண்டு மணி நேரம் பொறுத்தார். மூன்றாம் முறை கேட்டதும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டார். செய்தி நின்றது. மறுநாள் தேவேந்திரன் அடுத்த மனு போட்டார். அதற்கு மறுநாள், அதே மடையை நம்பியிருந்த அவருடைய அக்கம்பக்கத்து வயல்காரர்களும் போட்டார்கள். ஒரு வாரத்தில் நாற்பத்திரண்டு மனுக்கள். எல்லாவற்றிலும் ஒரே எண். மடை திறக்கவில்லையே தவிர, செய்திகள் மடை திறந்த வெள்ளமாக வந்தன. அலுவலர் நட்சத்திரம் கொடுத்துக் கொடுத்து விரல் ஓய்ந்தார்.

அந்த வாரந்தான் சென்னையிலிருந்து காணொளி ஆய்வுக் கூட்டம். ‘தொல்லையற்ற தொடர்பு’ என்ற தலைப்பில் அலுவலர் உரையாற்றினார். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து, வரும் செய்திகளைத் தானே உரக்கப் படிக்கும்படி அவருடைய போனில் வசதி செய்திருந்தோம். பேச்சின் நடுவே ஒரு பெண் குரல் கணீரென்று ஒலித்தது.

“அன்புடையீர், தங்கள் மடை சரிசெய்யப்பட்டது.”

அலுவலர் கனைத்துக்கொண்டு தொடர்ந்தார். “தங்கள் மடை சரிசெய்யப்பட்டது.” போனைத் தலைகீழாகக் கவிழ்த்தார். “தங்கள் மகிழ்ச்சியில் பங்குகொள்கிறோம்.” அதன்மேல் உட்கார்ந்தார். குரல் சற்று அமுங்கியதே ஒழிய, சேவை நிற்கவில்லை. ஏழாவது முறை சென்னை மேலதிகாரி குறுக்கிட்டார்.

“குமரகுருபரன், உங்க மடையை நல்லாவே சரிபண்ணிட்டாங்க போலிருக்கே. அடுத்த மாவட்டம் பேசலாமா?”

கூட்டம் முடிந்ததும் அலுவலர் என்னை அழைத்தார். முகம் வெளிறியிருந்தது.

“இத நிப்பாட்ட என்னவே வழி?”

“மனு கொடுக்கலாம் சார்.”

பின்னாலிருந்து சாலோமி அம்மாள் சொன்னார்: “மடைய சரிபண்ணலாம் சார்.”

மையம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு யோசனை எவருக்கும் தோன்றியதில்லை.

“அப்படிச் செய்ய விதியில இடம் இருக்காம்மா?” என்று அலுவலர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“செய்யக் கூடாதுன்னு இல்ல சார்.”

மறுநாள் காலை ஜீப் சீவலப்பேரிக்குப் புறப்பட்டது. அலுவலர், நான், கருவிப் பையோடு ஃபிட்டர் மெர்வின். வழியெல்லாம் அலுவலரின் போன் எங்களை வாழ்த்திக்கொண்டே வந்தது. மெர்வின் திருகில் மண்ணெண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், மறுபடி எண்ணெய் விட்டார். முக்கால் மணி நேரந்தான். ஷட்டர் ஒரு கிரீச்சலோடு மேலே எழுந்தது. முதலில் சருகும் நுரையுமாகச் செம்பழுப்பாக வந்த தண்ணீர், பிறகு தெளிந்து ஓடியது. வெடித்துக் கிடந்த வயல் அதைச் சத்தத்தோடு குடித்தது. தேவேந்திரன் மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் ஓடி வாய்க்காலை வெட்டிவிட்டார். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணும் கலங்கியிருந்தது.

கோமு இளநீர் சீவிக் கொடுத்தார். அலுவலரின் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது; அவர் விலகவில்லை.

“கொற தீந்தா இப்படித்தான் இருக்குமாவே?” என்று என்னிடம் கேட்டார்.

அறுபதாயிரம் குறைகளைத் தீர்த்திருக்கிறேன். ஒன்றையும் பார்த்ததில்லை.

தேவேந்திரன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஐயா, அந்த நட்சத்திரம் எங்கன இருக்கு?” என்று கேட்டார். அலுவலரின் போனை வாங்கி ஒவ்வொரு செய்தியாகத் திறந்து ஐந்தைந்தாக அழுத்தினார். போன் அடங்கியது. வயலில் தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவிலிருந்து அலுவலருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. ‘பதிவுகளின்படி மேற்படி மடை ஏற்கெனவே ஐம்பத்து மூன்று முறை சரிசெய்யப்பட்டுள்ளது. நல்ல நிலையில் இருந்த மடையில் தேவையின்றிக் கைவைத்தது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கவும்.’

அலுவலர் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். யோசனை சொன்ன குற்றத்துக்காகச் சாலோமி அம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். எனக்குக் குறிப்பாணை வரவில்லை; பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அது நியாயந்தான். அந்த மடையை ஐம்பத்து மூன்று முறை சரிசெய்தவன் நான். ஒரு முறைகூட அதில் கைவைத்ததில்லை.