சமன் அவளுக்கு, பாடு எனக்கு

என் மனைவிக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். உயர்ந்த முடிவுதான். எனக்கு வேதியியல் தெரியாது என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

என் பெயர் அருள்பாண்டி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், காருக்குக் கதவு மாட்டும் லைனில் கான்ட்ராக்ட் ஆள். மனைவி கவிப்பிரியா, பிள்ளைப்பாக்கத்துப் பெண். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில்தான் எங்கள் காதல் வளர்ந்தது. கை காலை நகர்த்த இடமில்லாத அந்த ஆட்டோவில் காதலுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்தது. நான் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி ஃபெயில் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளிடம் சொன்னதும் அதே ஆட்டோவில்தான்.

"நானுந்தாங்க" என்றாள் அவள்.

அந்த நிமிஷமே இவள்தான் என் மனைவி என்று தீர்மானித்துவிட்டேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம், "ரெண்டு பேருக்கும் என்ன ஒரு கெமிஸ்ட்ரி!" என்று மெச்சினார்கள். ரெண்டு பேருமே அதில்தான் கோட்டை விட்டவர்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கள் கம்பெனியில் பெர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் பிளஸ் டூ பாஸ் ஆகியிருக்க வேண்டும். என் சூப்பர்வைசர் ரகுபதி சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதே பாட்டைத்தான் பாடுவார். "வேலை சூப்பரா பண்றய்யா. அந்த ஒரு பேப்பர முடிச்சிட்டு வா. அடுத்த பேட்ச்ல உன் பேர நான் போட்டுடறேன்." எனக்கோ கேள்வித்தாள் என்றாலே பயம். கவிப்பிரியா ஒரு வருஷம் கெஞ்சிப் பார்த்தாள். கொஞ்சிப் பார்த்தாள். வாரக்கணக்கில் வெறும் ரசமாகவே வைத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை. ஒரு கான்ட்ராக்ட் முடிந்தால் இன்னொரு கான்ட்ராக்ட், இதில் என்ன கவலை என்று வீரம் பேசினேன். ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடியும்போதும் அவள் முகம் வாடிப்போவதை மட்டும் நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

அப்படிப்பட்டவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாங்க, இனிமே உங்கள எக்ஸாம் எழுத சொல்லவே மாட்டேன்."

"நெசமாவாட்டி?"

"சத்தியமா. நானே எழுதலாம்னு கீறேன்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு இட்லி ருசித்தது. "எழுதேன். யாரு வேண்டாம்னா?"

"இந்த கெமிஸ்ட்ரி தான் மண்டையில ஏற மாட்டேங்குது. சமன்பாட்ட சமன் செய்யறதுன்னு ஒண்ணு கீதே, அங்கயே நின்னுக்கினு கீறேன். ரெண்டு பக்கமும் பேலன்ஸ் பண்ணணுமாம்." பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கு இன்னா, வேலையே பேலன்ஸ் பண்றது. நான் எங்க போவேன்?"

இங்கே லைன் பேலன்ஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லைனில் ஓர் இடத்தில் ஒருத்தன் வேலை தாங்காமல் திணறுவான். இன்னோர் இடத்தில் ஒருத்தன் சும்மா நிற்பான். சும்மா நிற்பவனை இழுத்துத் திணறுபவன் பக்கத்தில் போட்டு, எல்லாருக்கும் வேலையை ஒரே அளவாக்குவதுதான் லைன் பேலன்ஸ். அதில் நான் புலி. ரகுபதி சாரே என்னிடம் யோசனை கேட்பார்.

"பேலன்ஸ்தானா? அட, இவ்வளவுதானா! கொண்டாட்டி புக்கை!" என்றேன்.

புத்தகம் ஏற்கனவே கட்டில் மேல் இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பாடம் ஆரம்பமானது. சமன்பாட்டில் அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது வினைபடுபொருள், வலப்பக்கம் வருவது விளைபொருள் என்று புத்தகம் சொன்னது. எங்கள் கட்டிலில் இடப்பக்கம் படுப்பவன் நான். பொருத்தமாகத்தான் இருந்தது. முதல் கணக்கு, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவது. H₂ + O₂ → H₂O.

"இங்க பாரு. ஹைட்ரஜன் இங்கிட்டும் ரெண்டு, அங்கிட்டும் ரெண்டு. சரியா போச்சு. ஆக்சிஜன் இங்கிட்டு ரெண்டு, அங்கிட்டு ஒண்ணுதான் நிக்கி. ஒரு ஆள் குறையுதா? என்ன செய்யணும்?"

"இன்னா செய்யணும்?"

"இன்னொரு ஆளைக் கொண்டுவந்து அதே எடத்துல நிறுத்தணும். அவ்வளவுதான் சங்கதி!" கடைசி O-வுக்குக் கீழே குட்டியாக ஒரு 2 போட்டேன். H₂O₂. இரண்டு பக்கமும் சமம். லைன் ஜோராக ஓடியது.

கவிப்பிரியா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "சூப்பருங்க. இது இன்னா பொருளு?"

"தண்ணிட்டி."

"தண்ணின்னா H₂O தானே? மெடிக்கல்ல புண்ணுக்கு ஊத்தறதுக்கு ஒரு பாட்டில் விப்பாங்களே, ஊத்துனா பொங்கிக்கினு நொரை வருமே, அதும்மேல தான் இப்டி போட்டுக்கீது."

"இருக்கட்டுமே. அதுவும் பார்க்கத் தண்ணி மாதிரிதான இருக்கு?"

"அப்ப நாளைக்கு உங்க டிபன் பாக்ஸோட அத்தயே பாட்டில்ல ஊத்தி குடுத்தனுப்பவா?"

பாடம் அத்துடன் முடிந்தது. ஆசிரியருக்குத் தலைவலி.

மறுநாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்க, நான் மட்டும் போனில் வேதியியல் வீடியோ பார்த்தேன். மனைவி முன்னால் மானம் போகக் கூடாது என்றால் ஆண்பிள்ளை எதையும் செய்வான். படிக்கக்கூடச் செய்வான். அந்த வார இறுதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"எழுதிக்கோ. கீழ இருக்க குட்டி எண்ணைத் தொடவே கூடாது. தொட்டா ஆளே மாறிப் போவும். மாத்தணும்னா முன்னாலதான் எண் போடணும்."

"ஏங்க?"

"ஏன்னா... அது விதி."

"என் தலைவிதி. புரியிற மாதிரி சொல்லுங்க." யோசிப்பது போல மோட்டுவளையைப் பார்த்தாள். "இருங்க. ஓட்டல்ல ஒரு செட்டு பூரின்னா ரெண்டு பூரி. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்னா அர செட்டு குடுப்பானா?"

"தரமாட்டான்."

"அப்ப ஒரு செட்டு வாங்கி, நாம ஆளுக்கு ஒண்ணா துன்னுடலாம். ஆக்சிஜனும் அப்டித்தானா? செட்டா தான் வருது. ஒரு தண்ணிக்கு ஒண்ணு தான் வோணும். அப்ப ஒரு செட்டுக்கு ரெண்டு தண்ணி. ரெண்டு தண்ணி வோணும்னா ஹைட்ரஜன் ரெண்டு செட்டு. சரியா சொல்றேனாங்க?"

நோட்டில் எழுதிப் பார்த்தேன். 2H₂ + O₂ → 2H₂O. சொட்டுக் குறையாமல் சரியாக இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வாத்தியார் கரும்பலகை தேயத் தேயச் சொல்லியும் புரியாத சங்கதி, ஒரு பூரியில் புரிந்துவிட்டது. யாருக்கு யார் பாடம் நடத்துகிறோம் என்று ஒரு கணம் குழம்பினேன். பிறகு, "நான் சொல்லுதத கப்புனு புடிச்சுக்கிடுதியே!" என்று மாணவியைப் பாராட்டினேன். மாணவி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன் பிறகு எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. டீ நேரத்தில் லைன் ஓரமாக உட்கார்ந்து போல்ட்டையும் வாஷரையும் பரப்பினேன். போல்ட் இரும்பு. வாஷர் ஆக்சிஜன். ஒரு துருவுக்கு இரண்டு போல்ட்டும் மூன்று வாஷரும் வேண்டும். வாஷரோ ஜோடி ஜோடியாகத்தான் வரும். மூன்று ஜோடி எடுத்தால் ஆறு. ஆறு வாஷரில் இரண்டு துரு. அப்படியானால் போல்ட் நாலு. வந்தே விட்டது! நான் தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தபோது ரகுபதி சார் வந்து நின்றார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

"துருப் பிடிக்க வைக்கேன் சார்."

"கம்பெனிலயா?"

"வீட்டுக்காரிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும்லா சார், அதான்."

திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார். "பண்ணு பண்ணு, நல்லா புடிக்க வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாட்கள் ஓடின. கவிப்பிரியா ஒரு சந்தேகம் கேட்பாள். அதைத் தீர்க்க நான் ஒரு பாடம் படிப்பேன். அதிலிருந்து இன்னொரு சந்தேகம் கிளம்பும். இப்படியே முழுப் புத்தகமும் என் தலைக்குள் போய்விட்டது. சில நாள் அவளே குட்டி எண்ணை மாற்றி வைப்பாள். "முன்னால போடுட்டி, கீழ போடாத!" என்று நான் சத்தம் போடுவேன். "சாரி சார்" என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள். அதைப் பயம் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப் போவேன். இதற்கிடையில் ஒரு நாள், ஆதாரில் என் படம் சகிக்கவில்லை, மாற்ற வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆபீசுக்கு அழைத்துப் போனாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மனைவி நீட்டுவதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பரீட்சை வந்தது. மனைவியைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று லீவு கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "எடுத்துக்கோய்யா, பதறாம எழுது... எழுத சொல்லு" என்றார் ரகுபதி சார்.

காலையில் கவிப்பிரியா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். என்னையும் துவைத்த சட்டை போடச் சொன்னாள். "உங்களுக்கு எதனா டவுட் கீதா?" என்று கேட்டாள். "பரீட்சை உனக்கா எனக்கா?" என்று சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும், பேனா, அட்டை, ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் புட்சிக்கோங்க. புடவைய சரி பண்ணிக்கறேன்."

பிடித்துக்கொண்டேன். கேட்டில் நின்ற போலீஸ்கார அம்மா என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "டைம் ஆவுது, உள்ள போங்க சார்."

"எனக்கில்லம்மா. அவளுக்கு."

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போட்டோ உங்க மூஞ்சி தான். இதுலயும் இதே மாதிரி தான் முழிச்சிக்கினு கீறீங்க."

ஆதாருக்கு என்று ஸ்ரீபெரும்புதூரில் எடுத்த அதே படம். திரும்பினேன். கவிப்பிரியா கேட்டுக்கு வெளியே புளியமர நிழலில் போய் நின்றுகொண்டிருந்தாள். புடவை சரியாகத்தான் இருந்தது.

"ஏட்டி! என்ன இது? நீதான ஃபெயிலு?"

"நான் எப்போ ஃபெயில் ஆனேன்? ஸ்கூல்லயே நான் தான் ஃபர்ஸ்ட்டு. எங்கம்மாவ கேட்டுப் பாருங்க."

"ஷேர் ஆட்டோல சொன்னியே!"

"அன்னிக்கு நீங்க தலைய தொங்க போட்டுக்கினு உக்காந்திருந்தீங்க." அவள் குரல் தணிந்தது. "நான் பாஸுன்னு சொல்லியிருந்தா அடுத்த ஸ்டாப்புல எறங்கி போயிருப்பீங்க. எனக்கு உங்கள வுட மனசில்ல."

இத்தனை வருஷம் என் பக்கத்தில் ஒரு ஃபெயிலாக உட்கார்ந்திருந்தாளே என்று நினைத்தபோது நெஞ்சு என்னவோ செய்தது. "எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"ஒரு வருஷம் சொன்னேனே. உங்களுக்குன்னா படிக்க மாட்டீங்க. எனக்குன்னா படிப்பீங்க. நீங்க தானே சொன்னீங்க, ஆளை மாத்தக் கூடாது, முன்னாடி தான் எதனா போடணும்னு. முன்னாடி என்னையே போட்டேன். அவ்ளோ தான். போங்க, பெல் அடிச்சிடுவாங்க."

போனேன். பயப்படவில்லை. பயப்பட நேரம் கிடைக்கவில்லை. கேள்வித்தாளில் ஒரு கேள்வி, சமன் செய்க என்று இருந்தது. அதைப் பார்த்ததும் பூரி ஞாபகம் வந்தது. பூரியோடு அவள் ஞாபகமும் வந்தது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு விடைத்தாளில் விழுந்தது. நல்லவேளை, அது வெறும் H₂O தான். நுரைக்கவில்லை.

பாஸ் ஆகிவிட்டேன். ரகுபதி சாரும் சொன்ன சொல் தவறவில்லை. அவளே அவருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெர்மனென்ட் ஆர்டர் வந்த அன்று சாயங்காலம், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கடையில் ஒரே ஒரு செட் பூரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு பூரியை என் தட்டில் வைத்தாள், ஒன்றைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். கான்ட்ராக்ட் முடியும்போது அவள் முகம் இனி வாட வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் கொஞ்சம் மிதப்பும் வந்துவிட்டது.

"இனிமே என்னை ஏமாத்த முடியாது, கேட்டியா? உன் வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி."

"ஆமாங்க. நீங்க தேறிட்டீங்க" என்றாள் பணிவாக. பூரியை மெதுவாகப் பிட்டாள். "பார்ட் டைம்ல டிப்ளமோ படிக்கலாமாமே? எனக்கும் ஆச தான். இந்த கணக்கு தான் மண்டையில ஏற மாட்டேங்குது."

"கணக்குதானா? அட, இவ்வளவுதானா!" என்று என் வாய் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், புத்தகம் ஏற்கனவே கட்டில் மேல் இருந்தது.