மூட்டைப்பூச்சிக்கு அத்தாட்சி

“இது மூட்டைப்பூச்சி இல்லை, நஸீறா அக்கா,” என்றார் சண்முகலிங்கம் மாஸ்டர், பூதக்கண்ணாடியை இறக்காமலே. “இது அரிசிவண்டு.”

வெள்ளவத்தையில் லொட்ஜ் நடத்தும் நஸீறாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான். மாஸ்டரின் கட்டிலில் மூட்டை, மருந்தடிக்க வேண்டும், இன்று இரவு மட்டும் வேறெங்காவது படுக்க வேண்டும். வேறு யாராயிருந்தாலும் முதுகைச் சொறிந்துகொண்டே பையைத் தூக்கியிருப்பார்கள். மாஸ்டரோ டியூட்டரியில் விலங்கியல் படிப்பிப்பவர். பூச்சியைக் காட்டு என்று நின்றார்.

“மூக்க நீட்டிட்டு ஈக்கே மாஸ்டர்!”

“மூக்கு நுனியில தாடை இருக்கு. கடிச்சுத் தின்னிற சாதி. மூட்டையெண்டால் குத்தி உறிஞ்ச ஊசிமாதிரிக் குழல் இருக்கவேணும். ஹெமிப்டெரா வரிசைக்கே அதுதான் அடையாளம்.”

நஸீறா கீழே போய் இன்னொன்றைப் பிடித்து வந்தார். அது கரப்பான் குஞ்சு. மாஸ்டர் சிரித்தேவிட்டார்.

“இதை மூட்டையெண்டு எழுதினால் என்ர பிள்ளையளுக்கு நான் சைபர்தான் போடுவன்.”

மூன்றாம் தடவை முற்றத்துக் கறிவேப்பிலையிலிருந்து ஒரு வெள்ளைப் பூச்சி வந்தது. மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

“ஓம், இது ஹெமிப்டெராதான். மாவுப்பூச்சி. மூட்டைக்குச் சொந்தம். ஆனால் குடிக்கிறது இலைச்சாறு. சொந்தமெண்டதுக்காக இரத்தம் குடிச்ச குற்றத்தை இதின்ர தலையில போடலாமோ?”

நஸீறா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“வத்தளையில உங்கட அக்கா ஈக்கிறா தானே? ஒரு ராவைக்கு அங்க போங்களே, அல்லாவுக்காக.”

இப்போது மாஸ்டரின் குரல் இறங்கியது. யுத்தகாலக் கொழும்பில் வடக்குத் தமிழர் தங்குவதற்கு எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவு அவருக்குக் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கப் போனால் பிடித்து வைத்துவிடுவார்களோ என்று போகாமலே இருந்தார். பயந்தவர்களின் கெட்டித்தனம் இப்படித்தான்.

“பதிவில்லாமல், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோட எத்தினை செக்பொயின்ற் தாண்டிறது? இல்லாத பூச்சிக்காக நான் ஏனக்கா பிடிபடவேணும்? இந்த அறைதான் எனக்குப் பாதுகாப்பு.”

நஸீறா கதவுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார், பிறகு இறங்கிப் போய்விட்டார். வாதத்தில் வென்ற மாஸ்டர் மெத்தையின் தையல்களைக்கூட ஒருமுறை சரிபார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

விடிந்ததும் விடியாததுமாகக் கதவு உடைபடத் தட்டினார்கள். பூச்சியை வரிசை, குடும்பம், இனம் என்று பொறுமையாகப் பிரித்த மனிதரை, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்து முடித்தார்கள். தாடையா குழலா என்று எவரும் கேட்கவில்லை.

“நகின்ட,” என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி ட்ரக்கைக் காட்டினான் ஒரு பொலிஸ்காரன்.

மத்தியானம் நஸீறா சாப்பிடப் பாணும் மாற்றிக் கட்டச் சாரமும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். கம்பிக்குப் பின்னாலிருந்த மாஸ்டர் எழுந்து வந்தார்.

“லொட்ஜில எல்லாரும் எங்கட யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆக்கள்தானே அக்கா? வேற ஒருத்தரையும் இஞ்ச காணயில்லை. நான் மட்டும் என்ன பாவம் செய்தனான்?”

நஸீறா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கம்பியோடு முகத்தை ஒட்டினார்.

“பொலிஸ் ரவுண்ட்-அப் வருதெண்டு வாயால சொல்லேலுமா மாஸ்டர்? எல்லாருக்கும் கட்டில்ல மூட்ட எண்டுதான் சொன்ன. மத்த ஒருத்தரும் பூச்சியக் காட்டச் சொல்லிக் கேக்கல்ல.”