ஆடி முடியும்வரை ஓட வேண்டிய ஏசி

சுகர் லேண்ட், டெக்சாஸ்
ஆடி 19, திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அர்த்தநாரி அவர்களுக்கு,

மாப்பிள்ளை சபரிநாதன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் வெளியே நூற்று மூன்று டிகிரி, வீட்டுக்குள் தொண்ணூற்றொன்று, நான் எழுதும் காகிதத்தில் மையைவிட வியர்வைதான் அதிகம் என்பதால் பொய் சொல்ல மனம் வரவில்லை. சேலத்தில் நீங்களும் அக்காவும் எங்களைவிடக் குளிர்ச்சியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் தங்கை ராமாத்தாள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், எனக்கு வரும் வாட்ஸ்அப்பை எனக்கு முன்னால் படித்துவிட்டு "ஒண்ணும் முக்கியமில்லைங்க" என்று எனக்குச் சொல்வாள். அவளுக்குத் தெரியாமல் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அனிருத்தின் அம்மா புதன்கிழமை சேலத்துக்குக் கிளம்புகிறார், அவர் பெட்டியில் இந்தக் கடிதம் ரகசியமாக வருகிறது.

விஷயம் எங்கள் வீட்டு ஏசி. அதற்குப் பதினான்கு வயது. இங்கே ஏசி என்பது உங்கள் வீட்டில் இருப்பதுபோல் சுவரில் தொங்குவதில்லை. ஒரு பாதி பரணில் இருக்கும், மறுபாதி வீட்டுக்குப் பின்னால் இரும்புப் பெட்டியாக நின்று, உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சி வானத்தைப் பார்த்து ஊதித் தள்ளும். அது மூன்று வாரமாக மதியம் இரண்டு மணிக்கு உயிரை விடுகிறது, சாயங்காலம் தானாகப் பிழைத்துக்கொள்கிறது. சும்மா நாளாக இருந்தால் விசிறி போட்டுக்கொண்டு இருந்துவிடுவேன். ஆனால் ஆவணி எட்டாம் தேதி விஷாகாவுக்கு இந்த வீட்டில்தான் வளைகாப்பு. ஏழு மாத வயிற்றோடு, பட்டுப்புடவையோடு, இரண்டு கை நிறைய வளையலோடு என் பெண் உட்கார வேண்டும், அவளைச் சுற்றி அறுபது பேர் மூச்சுவிட வேண்டும். நேற்று இங்கே வந்தவள் பத்து நிமிஷம் சோபாவில் உட்கார்ந்துவிட்டு, "அப்பா, ஐ லவ் யூ, பட் ஐ ஆம் மெல்ட்டிங்" என்று எழுந்து போய்க் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு, அங்கேயே சாம்பார் சாதம் சாப்பிட்டாள். ஸ்டியரிங் வீலில் தட்டை வைத்து அவள் சாப்பிட, நான் கார் ஜன்னல் வழியாகத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தேன் மச்சான்.

ரிப்பேர் பண்ணுவதா, புதிதாக மாற்றுவதா? இதுதான் கேள்வி. முதலில் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்த நேரம் ஏசி பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைப் பார்த்த மாணவன் மாதிரி ஒழுங்காக ஓடியது. ஆனாலும் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு கெப்பாசிட்டரை மாற்றினார். மறுநாள் இரண்டு மணிக்கு மறுபடியும் மூச்சு நின்றது. இரண்டாவதாக வந்தவர் டை கட்டியிருந்தார். டை கட்டியவர் ஏணியில் ஏறமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவர் முன்னாலும் ஏசி ஜம்மென்று ஓடியது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ராமாத்தாள் கொடுத்த மோரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போன்ற முகத்தோடு, "சார், இதுக்கு வயசாயிடுச்சு, ரீப்ளேஸ் பண்ணிடுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இந்த வாரம் கையெழுத்துப் போட்டால் ஆடி இருபத்தெட்டில் மாட்டிவிடுவார்களாம். விட்டால் செப்டம்பர் கடைசிதானாம். ஹூஸ்டனில் அத்தனை வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் படுத்திருக்கிறது போலும்.

நானும் பேனாவைத் திறந்தேன். உங்கள் தங்கை மோர் டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"ஏனுங்க, இது ஆடி மாசம். பழசை எத்தனை வாட்டி வேணாலும் ரிப்பேர் பண்ணுங்க. புதுசு எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது."

"ஏசி வாசப்படி தாண்டாது ராமாத்தா. அது தோட்டத்துலதான் நிக்கும்."

"பாதி பரண்ல இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முப்பத்தொரு வருஷமாக எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வெப்பப் பரிமாற்றிகள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கொதிக்கிற எண்ணெயிலிருந்து சூட்டை எப்படி எடுப்பது, எங்கே தள்ளுவது என்பதுதான் நான் சாப்பிடும் சோறு. அப்படிப்பட்ட நான் பேனாவை மூடி வைத்தேன். போன ஆடித் தள்ளுபடியில் சென்னையிலிருந்து நான்கு புடவை வரவழைத்தாயே என்று கேட்டேன். அது தள்ளுபடியாம், கணக்கில் வராதாம்.

நானாவது சும்மா இருப்பேனா? அரை மணிக்கு ஒரு தரம் வெப்பநிலையைக் குறித்து, கோடு போட்டு, ஒரு வரைபடமே தயாரித்துவிட்டேன். அதில் ஒரு அதிசயம். செவ்வாயும் வெள்ளியும் ஏசி நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிறது. மற்ற நாட்களில்தான் மக்கர். உங்கள் தங்கையிடம் காட்டினேன். "ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி. நான் அம்மனுக்கு மாவிளக்குப் போடற நாளுங்க. வேற வேலை ஒண்ணுமே தொடமாட்டேன். அவதான் இந்த மிஷினை ஓட்டறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் வரைபடம் இப்போது பூஜை அறையில் குங்குமப் பொட்டோடு இருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய ஐந்து கிலோ ஜவ்வரிசியில் வளைகாப்புப் பந்திக்கு வடகம் போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தக் காலனி அசோசியேஷன்காரர்கள் கண்ணில் படும்படி எதையும் காயவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். வடகத்துக்கு இடமில்லாமல் தவித்தவளுக்கு வழிகாட்டியது அடியேன்தான். ஏசிப் பெட்டி மேலே ஊதுகிற சூடு முழுக்க வீணாகத்தானே போகிறது? என் தொழிலில் இருப்பவன் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? பெட்டியின் மேலேயே கம்பித் தட்டை வைத்து, பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்துக் கொடுத்தேன். மூன்று வாரமாக அங்கேதான் காய்கிறது. காலையில் பிழிந்தால் மத்தியானமே கலகலவென்று ஆகிவிடுகிறது. வெளியாள் யார் வந்தாலும் கண் பட்டுவிடும் என்று தட்டை உள்ளே தூக்கிவந்துவிடுவாள், அவ்வளவு அருமையான வடகம். முப்பத்தொரு வருஷ அனுபவம் இந்த வீட்டுக்கு முதல்முறையாகப் பயன்பட்டது என்று அவளே சொன்னாள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் நீங்கள். உங்கள் வாக்கை அவள் தட்டமாட்டாள். போன் செய்து, ஆடியில் நகை, வீடு, வண்டி வாங்கக் கூடாது, ஏசி வாங்கினால் குற்றமில்லை என்று ஜோசியரே சொன்னதாகச் சொல்லுங்கள். இன்று நாலு மணிக்கு மூன்றாவதாக ஒரு மெக்கானிக் வருகிறார். அவர் என்ன சொன்னாலும் நான் மாற்றுவது என்றே தீர்மானித்துவிட்டேன். என் பெண் காரில் உட்கார்ந்து வளைகாப்புச் செய்துகொள்ளக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும், உங்களுக்கு எங்கள் எல்லோருடைய வியர்வை கலந்த நமஸ்காரமும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
சபரிநாதன்

பி.கு.: மச்சான், ஜோசியரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நாலு மணிக்கு வர வேண்டிய மெக்கானிக் மூன்று மணிக்கே வந்து, மணியடிக்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அறுபது வயதிருக்கும், மெக்சிகோக்காரர், பேச்சுக் குறைவு. ஏசி செத்துக் கிடந்தது. அதன்மேல் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. தட்டையே ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வடகத்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். பிறகு தட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துப் பெட்டியை ஓடவிட்டார். ஓடியது. "சார், மூக்கைப் பொத்தினா யாருக்குத்தான் மூச்சு வரும்?" என்று அவர் ஊர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றும் கேட்டார். அக்கவுண்டன்ட் என்று சொல்லிவிட்டேன். மூன்று மணி நேரமாக வீட்டுக்குள் எழுபத்திரண்டு டிகிரி. ராமாத்தாளிடம், ஆடியை மதித்து மாற்றும் யோசனையைக் கைவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். சந்தோஷத்தில் பாயசம் வைத்தாள். ஆகையால் தயவுசெய்து போன் செய்து, ஆடியில் ஏசி கூடவே கூடாது என்று அழுத்திச் சொல்லவும். வடகத்துக்கும் வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். படித்ததும் கிழித்துவிடவும்.

அண்ணா, நான் ராமாத்தா. கவரை ஒட்ட கோந்து எங்கேன்னு என்கிட்டத்தான் கேட்டாரு, அப்பவே தெரிஞ்சுது. மெக்கானிக் சொன்னதை நானும் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு கேட்டேன். காமிச்சுக்கலை. பொண்ணு வந்து ஹால்ல கால் நீட்டிப் படுத்துத் தூங்கறா, எனக்கு அது போதும். அவரா வாயைத் திறந்து சொல்லற வரைக்கும் அம்மன் அருளாவே இருக்கட்டும். ரெண்டு கிலோ வடகம் அனுப்பியிருக்கேன், நல்லாப் பொரியும். மிச்சத்தைக் கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டுக் காருக்குள்ள காயவெக்கச் சொல்றாரு. புதுக் கார். ஆடிக்கு முன்னாடி வாங்கினது.